ஒரே பெயரில் இரண்டு கல்யாணம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று வருடக்கணக்காக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் எனக்கு முன்னால் வெட்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அது ஒரு காரணம். இன்னொன்று அந்தக் காலம். சண்டை உச்சத்தில் இருந்த வருடங்கள். வீட்டையும் பிள்ளையையும் பறிகொடுத்த சனங்கள் இருக்கும்போது, ஒரு கம்ப்யூட்டருக்கு நோய் வந்த கதையை எழுதுவதா என்று மனம் கூசியது. ஆனால் பிள்ளையார் எலியைத்தானே வாகனமாக வைத்திருக்கிறார். சின்னது என்று அவர் எதையும் தள்ளவில்லை. அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

கண்டி நகரத்தில், பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறுகிற ஒரு சந்தில் சின்ன ஸ்டூடியோ ஒன்று வைத்திருந்தேன். கல்யாணம், திருவிழா, பூப்புனித நீராட்டு, அதோடு அடையாள அட்டைப் படம். அடையாள அட்டை இல்லாமல் தமிழன் வாசலுக்குக் குப்பை கொட்டவும் போகமாட்டான் என்ற காலம் அது. ஆகையால் அந்த வியாபாரம் மட்டும் படுக்கவே இல்லை.

பிலிம் காலம் முடிந்ததும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, பின்னணி மாற்றும் வித்தையைக் கற்றுக்கொண்டேன். கண்டியில் தாலி கட்டிய ஜோடியை நயாகரா நீர்வீழ்ச்சிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். காலடியில் இரண்டு அன்னப்பறவைகளையும் விடுவேன். சனங்கள் விரும்பினார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் சாம்பிராணி போடுவேன். பிறகு கமரா, பிரிண்டர், கம்ப்யூட்டர்ப் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பேன். சோறு போடுகிற சாமான்களை வெறும் நெற்றியோடு விடலாமா?

கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் தன் ஒரே மகளின் கல்யாணத்தைப் படம் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். சண்டையால் ஊருக்குப் போகிற பாதை பூட்டியிருந்ததால் கல்யாணத்தைக் கண்டியிலேயே வைத்தார்கள். மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்து, தாலி கட்டி, லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டார். பெண் போவதற்குக் கொழும்பில் தூதரகத்தில் இன்டர்வியூ. உண்மையாகவே கல்யாணம் நடந்ததா என்று பார்க்க, படங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கல்யாண அல்பத்துக்கு எந்தப் படம் என்று பெண்ணின் தாயார் முடிவெடுக்காமல் இழுத்துக்கொண்டே போனதால், ஒரு படம்கூட இன்னும் அச்சடிக்கவில்லை. கமராவில் இருந்ததை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். ‘கச்சேரிக் கல்யாணம்’ என்று நானே பெயர் வைத்த ஒரு பைலுக்குள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நோய் வந்தது.

ஊரெல்லாம் பென் டிரைவ் புழங்கத் தொடங்கியிருந்தது. படம் அச்சடிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பென்னைக் கழுத்தில் தாயத்து மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். எந்தப் புண்ணியவான் எதைச் செருகிவிட்டுப் போனானோ, கம்ப்யூட்டர் முனகத் தொடங்கியது. ‘கச்சேரிக் கல்யாண’த்தைத் திறந்தால் திரை ஒரு தரம் கண் சிமிட்டும். பிறகு ஒன்றும் இல்லை. சிநேகிதர் ஒருவர் தந்த வைரஸ் பிடிக்கும் சீடியைப் போட்டேன். அது எழும்பியது, கொட்டாவி விட்டது, தானாகவே மூடிக்கொண்டது. காவலுக்கு வைத்த ஆளையே உள்ளே இருந்தது கட்டிப் போட்டுவிட்டது.

ஐயா கடைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

“தம்பி, வாற கிழமை இன்டர்வியூ. படங்கள் பத்திரமா இருக்குதோ?”

“இருக்குங்கய்யா. ஆனா திறக்க முடியல.”

“பத்திரமா இருக்குது, ஆனா திறக்கேலாது. எங்கட ஊர் வீடு மாதிரி” என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அலவத்துகொடையில் எனக்குத் தெரிந்த நானா ஒருவர் இருந்தார், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். முதலில் ரேடியோ, பிறகு டீவி, பிறகு கம்ப்யூட்டர் என்று காலத்தோடு சேர்ந்து திருத்திக்கொண்டு வந்தவர். போன் எடுத்தேன். டீவி அன்டனா கட்டப் பலா மரத்தில் ஏறி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு இருந்தார். வர ஏலாது, ஆனால் வழி இருக்கிறது என்றார்.

“அண்ணே, இப்ப வீட்டுக்குள்ள கள்ளன் முழிச்சிக்கிட்டு ஈக்கான். நீங்க உள்ள போய் தேடினா அவன் லைட்ட அணைப்பான், ஒங்களையே கட்டிப் போடுவான். அதால வீட்ட எழுப்பாமலே தேடணும். நான் ஒரு ரெஸ்கியூ பென் செஞ்சி அனுப்புறன். கம்ப்யூட்டர் அதுட சொந்த மூளையில எழும்பாம, அந்தப் பென்னுட மூளையில எழும்பும். கள்ளன் ஒறங்கக்குள்ளயே புடிச்சிரலாம்.”

அடுத்த நாள் மாத்தளை பஸ் கண்டக்டர் கையில் பென் வந்து சேர்ந்தது. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, பெட்டியின் முன் பக்கம் இருந்த வாயில் செருகினேன். போகவில்லை. திருப்பிச் செருகினேன். அப்போதும் போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக நான் வைத்த சந்தனம், நெற்றியில் அல்ல, வாயில் ஏறி இறுகிப்போய் இருந்தது. குங்குமமும் சேர்ந்து செங்கல் மாதிரி.

பின் பக்கமும் வாய் இருக்கிறது என்று நானா போனில் சொன்னார். அங்கே பொட்டு வைக்கும் வழக்கம் எனக்கு இல்லாததால் பென் சுகமாகப் போனது.

“சரி, இப்ப பூட் பண்ணுங்க” என்றார் நானா.

“பூட்டவா?”

“ஓ, பூட் பண்ணுங்க. கவனமா, பென்ன கழட்டாம பூட் பண்ணணும்.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. உள்ளே கள்ளன் இருக்கிறான், கதவைத் திறந்து வைத்துக்கொண்டா தேடுவது? போனை வைத்துவிட்டுப் போய், கடைக் கதவை இழுத்து உள்ளேயிருந்து பூட்டினேன். திரும்பி வந்து போனை எடுத்தேன்.

“பூட்டிட்டேன் நானா.”

“மாஷா அல்லாஹ். இப்ப என்ன தெரியிது?”

“ஒண்ணும் தெரியல. ஒரே இருட்டு.”

“கறுப்புத் திரையில எழுத்து ஓடுதா?”

“திரை பழைய மாதிரிதான் இருக்கு. கடைதான் இருட்டு.”

“கடைய என்னத்துக்கு அண்ணே பூட்டினீங்க?” என்று கேட்டார் நானா.

நான் பதில் சொல்வதற்குள் வெளியே தடதடவென்று சத்தம். கண்டியில் அந்தக் காலத்தில் பட்டப்பகலில் ஒரு தமிழன் கடையைப் பூட்டினால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. கலவரத்தைக் கண்ணால் கண்டவர்கள் காரணம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். பக்கத்துத் தையல் கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். அதைப் பார்த்துப் புடவைக் கடை இறக்கியது. அதைப் பார்த்து எதிரே இருந்த சிங்களவரின் பேக்கரியும் கண்ணாடி அலுமாரியை உள்ளே இழுத்துக்கொண்டது. நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது சந்து முழுக்கச் சாத்திக் கிடந்தது. தையல்காரர் மட்டும் ஷட்டருக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் முகத்தை வைத்துக் கேட்டார்.

“என்னண்ணே, எந்தப் பக்கத்துல அடிக்கிறாங்க?”

“எங்கயும் அடிக்கலைங்க. கம்ப்யூட்டர்ல வைரஸ்.”

அவர் கண்களில் ஈரம் இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு ஷட்டரை ஏற்றினார். அவர் சொன்னதை எழுத மாட்டேன். கடைசியில் “அந்தச் சனியனத் தூக்கிட்டு எங்கயாவது போங்க” என்றார். நானாவும் அதையேதான் போனில் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. “பெட்டியத் தூக்கிட்டு இங்க வந்துருங்க அண்ணே. ஊர் தாங்காது.”

அடுத்த நாள் காலையில் பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றினேன். வயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. என் மனைவி அதைப் பார்த்து, “என்னங்க, இத இப்படிக் கொண்டு போனா, திரும்பி வர்றப்ப உங்களத்தான் வேட்டியில சுத்தி அனுப்புவாங்க” என்றாள். திருநீறு பூசி அனுப்பினாள். எனக்கும், பெட்டிக்கும்.

ஐயாவும் வந்தார். மகளின் விஷயம், வீட்டில் இருக்க முடியாது என்றார். ஆனால் பஸ்ஸில் ஏறியதும் என்னை விட்டு முன் சீட்டுக்குப் போய்விட்டார். “தம்பி, குறை நினையாதேயும். ரெண்டு தமிழர், நடுவில வயர் வைச்ச பெட்டி. ஒண்டா இருக்கிறது புத்தியில்லை.”

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இப்பால், சோதனைச் சாவடியில், எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் ஒருவன், இளம் பையன், பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, “இது யாருடையது?” என்று சிங்களத்தில் கேட்டான். குரல் மாறியிருந்தது. சனங்கள் பஸ்ஸைவிட்டு நாலடி தள்ளிப்போனார்கள். “என்னுடையது ஐயா. இதற்கு நோய்” என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

“பெட்டிக்கு நோயா?”

“ஆமாம். வைத்தியம் பார்க்கக் கொண்டுபோகிறேன்.”

அவிழ்க்கச் சொன்னான். அவிழ்த்தேன். சந்தனம், குங்குமம், புதிதாகத் திருநீறு. அவன் என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். “இதைச் சாமி என்று கும்பிடுகிறீர்களா?” என்று கேட்டான்.

அப்போது வரிசையில் முன்னால் நின்ற ஐயா திரும்பினார். கச்சேரி அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வந்து, கச்சேரிக் கடிதத்தில் எழுதுகிற மாதிரியான சுத்தச் சிங்களத்தில் சொன்னார்: “இந்தப் பெட்டியில் எனக்கும் பங்கு உண்டு. என் மகளின் திருமணம் இதற்குள் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது.”

வரிசையில் நின்ற சிங்களப் பெண் ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். ஆமிக்காரனும் சிரித்துவிட்டான். பெட்டியின் மூடியைக் கழற்றிக் கம்பியால் தட்டிப் பார்த்துவிட்டு, “கொண்டுபோங்கள். நல்ல வைத்தியரிடம் காட்டுங்கள்” என்றான். திரும்ப ஏறியபோது ஐயா என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அலவத்துகொடை வரும்வரை பெட்டி எங்கள் இருவர் மடியிலும் இருந்தது.

நானா காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு காத்திருந்தார். பெட்டியின் முன் பக்கத்தைப் பார்த்ததும், “அண்ணே, நெத்தி எண்டு நெனச்சி வாயில பொட்டு வச்சீக்கீங்க. பாவம், மூச்சு முட்டி ஈக்கும்” என்றார். பென்னைப் பின்னால் செருகி, கீபோர்டில் ஏதோ ஒரு பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டினார். என் கம்ப்யூட்டர் முன்பின் தெரியாத நீல முகத்தோடு எழும்பியது. “இதான் பூட். கடை தொறந்துதான் ஈக்கி, பாத்தீங்களா” என்றார்.

தேடல் தொடங்கியது. பெயர்கள் ஓடின. அவருடைய வீட்டிலிருந்து இஞ்சித் தேநீர் வந்தது. லுஹர் என்கிற மதியத் தொழுகையை அவர் கதிரையிலேயே இருந்து தொழுது முடித்தார். நானும் ஐயாவும் மூலையில் உட்கார்ந்து, எங்களுக்குத் தெரிந்ததை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தோம். எல்லாம் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதானே.

தேடல் நின்றபோது திரையில் நோயாளிகளின் பெயர்கள் சிவப்பில் நின்றன. ஐயாவுக்கு இங்கிலீஷ் தெரியும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். சட்டென்று குரல் இறங்கியது.

“தம்பி. ‘கச்சேரிக் கல்யாணம்’ எண்டு போட்டிருக்குது. அதுதான் வைரஸாம். அழிக்கவோ எண்டு கேக்குது.”

திருத்தலாம் என்ற பேச்சே அங்கே இல்லை. அழி, அல்லது விடு.

“பயப்புடாதீங்க” என்றார் நானா. இன்னொரு ஜன்னலைத் திறந்து காட்டினார். “இந்தா, வடிவா பாருங்க. ரெண்டு ஈக்கி.”

உண்மைதான். ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரே பெயரில் இரண்டு ‘கச்சேரிக் கல்யாணம்’.

“ஒண்டு ஒங்கட பைல். அத இந்தக் கள்ளன் கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சிட்டான். மத்தது அவன். அதே பேரு, அதே மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு முன்னால வந்து நிக்கான். நீங்க இவ்வளவு நாளும் கல்யாணம் எண்டு தட்டினது அவன்ட முதுகுல. தட்டத் தட்ட அவனுக்குச் சந்தோசம்.”

“எது அசல் மாப்பிள்ளை எண்டு என்னெண்டு தெரியும்?” என்றார் ஐயா.

“பாரத்தப் பாருங்க. அசல் கல்யாணம் பாரமா ஈக்கும். ஆக்கள், நகை, சாப்பாடு, அழுக. இவன்ட பாரம் ஒரு படத்துக்கும் காணாது.”

“திறந்து ஒரு படத்தைக் காட்டுமன்.”

“இந்தப் பென்ல படம் காட்டுற வேல இல்ல. கொப்பி ஒண்டு எடுத்து வைப்பம் எண்டா, இவ்வளவு பெரிய கல்யாணம் கொள்ற டிஸ்க்கும் என்னட்ட இல்ல. நம்பித்தான் அமத்தணும்.”

அழிக்கிற பட்டனை யார் அமத்துவது என்று வந்தது. நானா, “என்ட கல்யாணம் இல்லையே” என்றார். நான், “எனக்கு இங்கிலீஷ் தெரியாது” என்றேன். ஐயா மகளுக்குப் போன் எடுத்தார். நடந்ததைச் சொன்னார். போன் சத்தமான போன். அவள் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

“அமத்துங்கோ அப்பா. அம்மாவைக் கேட்டா இண்டைக்கு முடியாது.” பிறகு கொஞ்சம் பொறுத்து, “படம் போனா இன்டர்வியூவில நான் வாயால சொல்லிப் பாக்கிறன். அதோட அப்பா, அந்த நயாகராப் படங்கள் மட்டும் அழிஞ்சா நல்லது.”

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நானா தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

ஐயா “முருகா” என்றார். நானா “பிஸ்மில்லாஹ்” என்றார். ஐயாவின் விரல்தான் அமத்தியது.

சிவப்புப் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நானா பென்னைக் கழற்றி, கம்ப்யூட்டரை அதன் சொந்த மூளையிலேயே எழுப்பினார். பழைய முகம் வந்தது. முனகல் இல்லை. ஐயா முன்னால் குனிந்தார். நானும் குனிந்தேன். ‘கச்சேரிக் கல்யாணம்’ இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றல்ல, இரண்டும் போய்விட்டன.

ஐயா நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். கதிரை பக்கத்தில்தான் இருந்தது, அவருக்குத் தெரியவில்லை. “நான் என்ர கையாலேயே அழிச்சுப்போட்டன்” என்றார். கண்டி பஸ் நிலையத்தில் அந்தப் பெண் தனியாகக் கொழும்புக்கு ஏறுவதும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ஆளிடம் வெறுங்கையோடு நின்று “கல்யாணம் நடந்தது, நடந்தது” என்று சொல்வதும் என் கண்ணில் வந்தன. பிள்ளையாரே, என் நயாகராவை எல்லாம் எடுத்துக்கொள், தாலி கட்டின ஒரு படத்தை மட்டும் கொடு என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது, நானா திரும்பிப் பார்த்தார்.

“அவசரப்படாதீங்க. ஒளிச்சவன் செத்துட்டான். ஆனா அவன் ஒளிச்சது ஒளிச்ச எடத்துலேயே ஈக்கும். நாமதான் போய்க் கூப்பிடணும்.”

எங்கேயோ போய், ஒரு சின்னக் கட்டத்தில் புள்ளி ஒன்றை வைத்தார். மங்கலாக, நனைந்த துணியில் விழுந்த நிழல் மாதிரி, ஒரு மஞ்சள் பை எழும்பி வந்தது. தட்டினார். திறந்தது.

முதல் படம், பெண்ணின் தாயார் வாயைக் கோணிக்கொண்டு அழுகிற படம். அதைப் பார்த்து ஐயா சிரித்தார், பிறகு அவரும் அதே மாதிரி வாயைக் கோணிக்கொண்டார்.

இன்டர்வியூவுக்குப் பெண் தானே படங்களைத் தெரிந்தெடுத்தாள். நயாகரா ஒன்றும் இல்லை, அன்னமும் இல்லை. பின்னணி மாற்றாத வெறும் படங்கள். அவற்றில் ஒன்றில், தாலி கட்டும் நேரம், மண்டப வாசலில் துவக்கோடு ஓர் ஆமிக்காரன் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த ஆளை ரோஜாப் பூவால் மறைக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். தூதரக அதிகாரி அந்தப் படத்திலேயே விரலை வைத்து, இவர் யார் என்று கேட்டாராம். “செக் பண்ண வந்தவர், சாப்பிட்டுவிட்டுப் போனார்” என்று அவள் சொன்னாளாம். இப்படி ஒன்றை யாரும் செட்டப் செய்ய மாட்டார்கள் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். விசா கிடைத்தது. ஐயா கடைக்கு வந்து சொல்லிவிட்டு, தையல்காரருக்கும் பேக்கரிக்காரருக்கும் கேக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெண்ணின் தாயாரும் பிறகு கனடா போய்ச் சேர்ந்தார். கண்டியில் படக்காரர் ஒருவர் கம்ப்யூட்டருக்குத் திருநீறு போட்டார், வைரஸ் எரிந்து சாம்பலானது என்று அங்கே சொல்லியிருக்கிறார். அது போனில் திரும்பி வந்து ஊர் சுற்றியது. ஒரு வெள்ளிக்கிழமை கடுகண்ணாவையிலிருந்து ஒருவர் கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, “சாமி, கொஞ்சம் பூசி விடுங்க” என்று என் முன்னால் இறக்கினார். அலவத்துகொடை முகவரியைக் கொடுத்து அனுப்பினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை குறையவில்லை. அன்றைக்கு மூன்று பேரும் கூப்பிட்ட பேர்கள் வேறு, கேட்டவர் ஒருவர் என்றே இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அவர் அனுப்பியது சாம்பலை அல்ல. காலில் மாவுக்கட்டோடு ஒரு மனிதரையும், அவர் கையில் ஒரு பென்னையும். ஆகவே இதை வாசிக்கிற பெரியோரையும் பிள்ளைகளையும் கும்பிட்டுக் கேட்கிறேன். நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்த மாதிரியே சொல்லுங்கள். நானாவை விட்டுவிட்டுச் சொல்லாதீர்கள். ஐயாவின் விரலை என் விரலாக்காதீர்கள். கடையைப் பூட்டியது நான்தான், அதை வேறு யார் தலையிலும் போடாதீர்கள். அற்புதம் போதவில்லை என்று தோன்றினால், கூட ஒன்றும் சேர்க்காமல், முதலிலிருந்து இன்னொரு தரம் வாசியுங்கள்.